கருப்பட்டிக்கு வளர்த்த கீரை

எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள் உபவாசம் இருந்த கதையை உங்களில் பலர் என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், பழைய பள்ளிக்கூடத் தோழிகள் கூடிய இடத்தில், ரயிலில் என்று எங்கெங்கோ சொல்லியிருக்கிறேன். "எங்கம்மா ஊட்டுல எலிக்குக்கூட உபவாசமுங்க" என்று ஆரம்பித்தால் போதும், சிரிப்பு தொடங்கிவிடும். சிரித்த உங்கள்மேல் தப்பில்லை, நான் சொன்ன விதம் அப்படி. அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறந்ததும் அவர் எழுந்து காபி போடப் போய்விடுவார். வந்தவர்களைக் கவனிக்கத்தான் போகிறார் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே கதையைச் சிரிப்பில்லாமல் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நம் வயதில் இனி எதையும் தள்ளிப்போடக் கூடாது.

அப்போது நாங்கள் பீளமேட்டில், மில்லுக்குப் பின்பக்கம் ஒரு வளவில் குடியிருந்தோம். முன்வீட்டில் வீட்டுக்காரம்மா, பின்வீட்டில் நாங்கள். அப்பா மில் ஆபீசில் குமாஸ்தா. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சிறுவர் வகுப்புக்கும் அவர்தான் டீச்சர். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. நான் அம்மாவிடமே ஐந்தாம் வகுப்பு படித்தேன். ஆகவே வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் எனக்கு ஒரே டீச்சர், தப்பிக்க வழியே கிடையாது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையில் உதவியாளர். கோடை விடுமுறை முடியும் சமயம், சோதனைக்கு மிஞ்சிய இரண்டு கினிப்பன்றிகளைத் தேயிலைப் பெட்டியில் வைத்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். தேயிலைப் பெட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வால்பாறையிலிருந்தும் குன்னூரிலிருந்தும் வரும் மெல்லிய பலகைப் பெட்டி. ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே வெள்ளிக் காகிதம். அந்தக் காலத்தில் வீடு மாறுகிறவர்கள் பாத்திரம் பண்டமெல்லாம் அதில்தான் போட்டுக் கட்டுவார்கள். இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. மாமா அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாய்ப்பக்கம் கோழி வலை அடித்துக் கொடுத்தார். கிட்டே மூக்கை வைத்தால் தேயிலைத் தூள் மணக்கும்.

"தவிடு, பருப்புப் பொட்டு எது வேணாப் போடு கண்ணு, இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார் மாமா. "பச்சத் தழ மட்டும் ஒரு நாளும் நிறுத்திப்போடாதே. எங்க காலேஜ்ல இதுகளுக்குன்னே குதிரைமசால் தழ வாங்கிப் போடுவாங்க."

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதமே சத்தியமங்கலத்தில் வேறு வேலை கிடைத்து அவர் போய்விட்டார்.

வால் கிடையாது, கழுத்தும் கிடையாது, இரண்டு கைக்குள் அடங்கும் உடம்பு. வெள்ளையாக இருந்ததற்குச் சீனி என்றும், கரும்பழுப்பாக இருந்ததற்குக் கருப்பட்டி என்றும் தம்பி பெயர் வைத்தான். கருப்பட்டி அவனுடையது. பள்ளிவிட்டு வந்ததும் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வளவெல்லாம் சுற்றுவான். அதற்கும் அவனை அடையாளம் தெரியும். ஆனால் இரண்டுக்கும் எங்களைவிட நன்றாகத் தெரிந்தது பின்பக்கத்து வாளிச் சத்தம். பச்சை வருகிறது என்று எப்படியோ அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே "வீக், வீக், வீக்" என்று விசில் அடிக்கும். அத்தனை சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்று மில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள்.

முதலில் அப்பா மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலையைப் பையில் கட்டிக் கொண்டுவருவார். நாங்கள் பக்கத்துக் காலி இடத்தில் அருகம்புல் பிடுங்கி வருவோம். பிறகுதான் அவற்றுக்கென்றே தோட்டம் போடும் யோசனை வந்தது. வீட்டுக்காரம்மா பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிய இடத்தைக் கொடுத்தார். "சும்மா கெடக்குதுங்க டீச்சருங்க, கொத்திப்போட்டு வெதைய உடுங்க" என்று தீப்பெட்டி நிறையக் கீரை விதையும் தந்தார். அங்கே நின்ற கொய்யா மரத்தில் தெற்குப் பார்த்த கிளை எங்கள் கினிப்பன்றிகளுக்கு என்றும் சொல்லிவிட்டார். ஒரு துளசிக் கன்றும் கொடுத்தார். கிறிஸ்தவர் வீட்டில் துளசியா என்று அம்மாவுக்குச் சங்கடம். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கி, ஆலயத்து ஆட்கள் வந்தால் கண்ணில் படாத மூலையில் நட்டார்.

முதலில் போட்டது எதுவும் உருப்படவில்லை. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்ததில் விதையும் மண்ணும் சேர்ந்து பறந்தன. மறுபடி போட்டதை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. முளைத்த கொஞ்சத்தையும் வீட்டுக்காரம்மாவின் கோழி கிளறிவிட்டது. விதைகளைச் சாம்பலில் புரட்டி, மேலே பனையோலை மூடி, அம்மா மறுபடி விதைத்தார். புரட்டாசி மழைக்குத்தான் தோட்டம் பிடித்தது. சிறுகீரை, தண்டுக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் வரிசையாகத் தலை தூக்கின. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஓடிப்போய்க் குந்தி உட்கார்ந்து பார்ப்போம். ஈர மண்ணில் கொத்தமல்லி முளை இரண்டாகப் பிரிந்து நிற்கும் அழகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வாரம் கிள்ளலாம், அடுத்த வாரம் கிள்ளலாம் என்று நாங்கள் காத்திருந்தபோதுதான் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை அறிவிப்பு வந்தது.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை சபையார் எல்லோரும் தங்கள் நிலத்தில், வீட்டில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். பூசணி, வாழைத்தார், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டு, கிடைக்கும் பணம் ஆலயத்துக்கு. பிறகு எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. அந்த வருடம் போதகர், பிள்ளைகள் தங்கள் கையால் வளர்த்ததைக் கொண்டுவர வேண்டும் என்றும், நல்ல விளைச்சலுக்குப் பரிசு உண்டு என்றும் சொல்லிவிட்டார்.

பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வீடு திரும்பும் வழியிலேயே அம்மா முடிவு செய்துவிட்டார். "நம்ம தோட்டத்துல இதுதான் மொத வெள்ளாமை. மொதப் பலன் கர்த்தருக்கு. பண்டிகை முடியற வரைக்கும் ஒரு எலையும் யாரும் கிள்ளக் கூடாது."

"அப்ப கருப்பட்டிக்கு?" என்றான் தம்பி.

"கருப்பட்டியும் நம்ம ஊட்டுப் புள்ளைதானே கண்ணு? நாம காத்திருந்தா அதுவும் காத்திருக்கும்."

அம்மா எதிலும் அரைகுறையாக நிற்க மாட்டார். மார்க்கெட் இலையும் காலி இடத்துப் புல்லும்கூட நின்றுபோயின. வெளியே வாங்கித் தின்றுகொண்டே காத்திருப்பது ஒரு காத்திருப்பா என்று கேட்டார். மழைப்புல் தின்றால் வயிறு ஊதிவிடும் என்றும் ஒரு காரணம் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கும் கீரை கிடையாது, ரசத்தில் கொத்தமல்லி கிடையாது. எல்லோருக்கும் ஒரே சட்டம். கினிப்பன்றிகளுக்குத் தவிடும், ஊறவைத்த பொட்டுக்கடலையும், காய்ந்த சோளத்தட்டும், எங்கள் தட்டில் மிஞ்சிய சோறும். நிறையவே போட்டார். கல்நெஞ்சக்காரி என்று அம்மாவை நினைத்துவிடாதீர்கள். அவற்றைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டதால்தான் எங்களுக்கு வைத்த சட்டத்தை அவற்றுக்கும் வைத்தார்.

அப்பா மட்டும் ஒரு முறை மெதுவாகக் கேட்டார். "அதுகளுக்கு மட்டும் கொஞ்சமாக் கிள்ளிப் போட்டா என்ன?"

"ஏனுங்க, நீங்களே இப்படிச் சொன்னாப் புள்ளைக எங்கேர்ந்து கத்துக்கும்?"

அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். சண்டைக்கு நிற்கும் மனிதர் இல்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மழை இல்லாத நாட்களில் கிணற்றில் இறைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு தேயிலைப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். வாளிக் கைப்பிடி கிறீச்சிட்டதும் பெட்டிக்குள்ளிருந்து விசில் கிளம்பும். இரண்டும் வலையைப் பிடித்து நின்று மூக்கை வெளியே நீட்டும். நான் அவற்றைப் பார்க்காமல் போய், அவற்றுக்காக விதைத்த கீரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு திரும்பி வருவேன். போகும்போதும் விசில், வரும்போதும் விசில். ஒரு நாள் வாளி சத்தம் போடாமல் இருக்க அதன் கைப்பிடியில் துணி சுற்றினேன். நல்ல யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தத் துணியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தம்பி அவன் வழியில் ஒரு சட்டம் கண்டுபிடித்தான். ஆலயத்துக்குத் துளசி போகாது, ஆகவே துளசி கர்த்தருடையது அல்ல. மூலைச் செடியிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டான். சீனி கொறித்துக்கொண்டது. கருப்பட்டிக்கு அந்தக் காரவாசனை பிடிக்கவில்லை, முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்டு பெய்த வாரம், கருப்பட்டியின் மயிர் சிலிர்த்துப் பரட்டையாயிற்று. பிறகு பின்னங்கால்களை இழுத்தது. தம்பி சட்டைக்குள் விடத் தூக்கியபோது வலியில் கத்தியது. மூட்டில் தொட்டால் கொட்டைப்பாக்கு மாதிரி வீக்கம். தவிட்டுக் கிண்ணத்து ஓரத்தில் ஒரு நாள் ரத்தம் ஒட்டியிருந்தது. மழைக் குளிர் தாக்கிவிட்டது என்றார் அம்மா. வேப்பெண்ணெயைச் சூடாக்கிக் காலில் தடவினார். தன் சால்வையை வெட்டிப் பெட்டிக்குள் விரித்தார். குடும்ப ஜெபத்தில், "கர்த்தாவே, கருப்பட்டியையும் சீனியையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று கண் கலங்க ஜெபித்தார். இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி, "மளிகைச் சாமானையெல்லாம் எங்கம்மா கர்த்தருக்கிட்ட ஒப்படைச்சுப்போட்டாங்க" என்பேன். நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள்.

வீட்டுக்காரம்மா ஒரு நாள் பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சருங்க, வாயில்லாச் சீவனுங்க. தோட்டம் நெறையக் கெடக்குது. ஒரு கை கிள்ளிப்போடக் கூடாதுங்களா?"

"இன்னும் நாலஞ்சு நாள்தானுங்கக்கா. எங்க ஊடே காத்துக்கிட்டிருக்குது. பண்டிகை முடிஞ்ச மறு நிமிசம் அதுகளுக்குத்தானுங்க எல்லாம்."

"அதென்னமோங்க. உங்க சாமி சமாச்சாரத்துல நான் என்னுங்க சொல்றது" என்று சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே கருப்பட்டி விசில் அடிப்பதை நிறுத்தியிருந்தது, சீனியும் எப்போதாவதுதான் அடித்தது. வாளிக்கு இனித் துணி தேவைப்படவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் அறுத்தோம். இடுப்பளவு வளர்ந்த தண்டுக்கீரை, அடர்ந்த சிறுகீரை, வளவெல்லாம் மணத்த கொத்தமல்லி, வெள்ளை வெளேரென்ற முள்ளங்கி, தெற்குக் கிளையின் கொய்யாப்பழம். ஒன்று விடாமல் அம்மா பறித்தார். கிணற்றடியில் கழுவி, ஈரத்துணி போட்டு மூடினோம். தண்ணீர்ச் சத்தம் கேட்டுச் சீனி மட்டும் வலைக்கு வந்து ஒரு தரம் விசில் அடித்தது. தம்பி என்னைப் பார்த்தான். "கர்த்தர் கீரை திங்க மாட்டாரு, அக்கா" என்றான். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கேட்காத மாதிரி கொய்யாவை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆலயத்தில் என் கூடைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நடுப்பாதையில் கூடையைச் சுமந்து போனேன். போதகர் என் தலையில் கை வைத்தார். "இந்தப் பிள்ளை தன் வீட்டுச் செல்லப் பிராணிகளுக்காகத் தோட்டம் போட்டது. ஆனாலும் கர்த்தருக்கே முதலில் கொடுத்தது" என்று சபைக்குச் சொன்னார். பெஞ்சுகளிலிருந்து ஆமென் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. எவர்சில்வர் டிபன் டப்பா பரிசு. மூடியில் என் முகம் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் கருப்பட்டியின் நினைப்பே எனக்கு வரவில்லை.

ஏலம் வெளியே பந்தலில் நடந்தது. கோழியும் வாழைத்தாரும் போன பிறகு என் கூடை வந்தது. "ஒரு தரம்!" என்று கூவும்போதே யாரோ விலை கேட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா. ஆலயத்தில் வாயே திறக்காத அப்பா, கடைசி வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை இறக்கவில்லை.

பம்பு செட் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நம் பக்கத்து ஏலம் உங்களுக்குத் தெரியும். கர்த்தருடைய காரியத்துக்கு விலையை ஏற்றிவிடுவது ஒரு சந்தோஷம், ஒரு விளையாட்டு. அவர் ஏற்றினார். அப்பா மேலே கேட்டார். "சார் உட மாட்டாரு போலிருக்குதே! நானும் உட மாட்டனுங்க!" என்று சிரித்துக்கொண்டே அவர் இன்னும் ஏற்றினார். பந்தலே கைதட்டியது. அப்பா இன்னும் ஒரு முறை கேட்டார். அதற்கு மேல் அவர் சம்பளத்தில் இடமில்லை. "ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடிந்தபோது அப்பாவின் கை இன்னும் பாதி உயரத்தில் நின்றது. தன் கூடையைத் தானே எடுக்க அவர் ஏன் அப்படி நின்றார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர் நல்ல மனிதர். ஜெயித்த கூடையை அப்படியே சமையல்காரர்களிடம் கொடுத்து, "எல்லாருக்கும் கடைஞ்சு ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு இலையில் விழுந்த கீரைக் கடைசல் எங்கள் தோட்டத்துக் கீரை. நான் சாப்பிட்டேன். பூண்டும் வரமிளகாயும் தாளித்து மிக நன்றாக இருந்தது. மறு தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பாவைப் பந்தியில் காணோம். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். கழித்துப்போட்ட கீரை வேரும் கொத்தமல்லிக் காம்பும் முள்ளங்கித் தழையும் கொய்யாத் தோலும் அதில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பண்டிகை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். சீனி ஊர்ந்து வந்து தின்ன ஆரம்பித்தது. கருப்பட்டிக்குத் தம்பி கொத்தமல்லிக் காம்பை நீட்டினான். அதன் மீசை அசைந்தது. மூக்கு அசைந்தது. எங்களுக்கெல்லாம் கேட்கும்படி ஒரு விசில் அடித்தது. ஆனால் கடிக்க முடியவில்லை. பல்லெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி தழையைக் கசக்கிச் சாற்றை அதன் வாயில் விட்டுப் பார்த்தான். அது கன்னத்தில் வழிந்தது. விளக்கு வைப்பதற்குள் அவன் மடியிலேயே போய்விட்டது.

கொய்யா மரத்தடியில் அப்பா குழி தோண்டினார். வீட்டுக்காரம்மாவும் வந்து நின்றார். அம்மா யாரையும் பார்க்காமல், "மழைக் குளிருங்கக்கா" என்றார். அவர், "ஆமாங்க டீச்சருங்க" என்று மட்டும் சொன்னார்.

சீனி பிழைத்ததுதான் அம்மாவைச் சும்மா இருக்க விடவில்லை. மழை நிற்கவில்லை, குளிரும் குறையவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான், பச்சை கிடைத்தது. ஒரு வாரத்தில் சீனி பழையபடி ஓடியது, வாளிச் சத்தத்துக்கு விசில் அடித்தது. அந்த விசில் கேட்கும்போதெல்லாம் அம்மா கையில் இருந்த வேலையை நிறுத்திவிடுவார். நான் கவனித்தேன், ஆனால் என்னவென்று புரியவில்லை.

அடுத்த சில வாரங்களில் வகுப்பில் உயிர்ச்சத்துப் பாடம் வந்தது. அம்மா கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னார். ஏ குறைந்தால் மாலைக்கண், பி குறைந்தால் பெரிபெரி, சி குறைந்தால் ஸ்கர்வி. "பல் ஈறில் ரத்தம் வடியும். பல் ஆடும். மூட்டுகள் வீங்கும். இதற்குப் பச்சைக் கீரை, காய்கறி, பழம்..." அங்கே நின்றுவிட்டார். முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுண்ணாம்புக்கட்டி உடைந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பாமலே, "அடுத்த பக்கத்தை யாராவது வாசிங்க" என்றார். அந்தப் பாடத்தை அவர் அதற்கு முன்னாலும் வருடா வருடம் நடத்தியவர்தான்.

டிபன் டப்பாவில் அம்மா எனக்கு ஒரு நாளும் சாப்பாடு கட்டித் தரவில்லை. துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். பரிசுப் பொருள், பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார் என்று பெருமைப்பட்டேன். பிற்பாடு வீடு மாறியபோது அது எங்கோ தொலைந்துபோயிற்று. தேடலாம் என்றேன். அம்மா, "போகட்டும் கண்ணு" என்றார்.

அடுத்த வருடம் தோட்டம் போட்டபோது, அறுப்பின் பண்டிகைக்கு வெகு நாள் முன்பே, முதல் கை கீரையை அம்மாவே கிள்ளிச் சீனியின் பெட்டியில் போட்டார்.

சீனி அதன் ஆயுசு வரை இருந்துவிட்டுப் போனது. அப்பா காலமாகி வெகு காலமாகிறது. தம்பி கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். நான் இந்தக் கதையைச் சொல்லும்போது அவன் ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை.

இப்போது சரவணம்பட்டியில் என் மகள் வீட்டு அபார்ட்மெண்டில் இருக்கிறோம், அம்மாவும் நானும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகம் இருக்காது. போன வருடம் பேத்தி அடம்பிடித்து இரண்டு கினிப்பன்றிகளை வாங்கிவந்தாள். பால்கனியில் தொட்டி வைத்துக் கொத்தமல்லி, புதினா, குடமிளகாய், சிறுகீரை எல்லாம் அவற்றுக்காக வளர்க்கிறோம். பிரிட்ஜ் கதவு திறந்தாலே விசில். அம்மா அந்தச் சத்தத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

கினிப்பன்றிகளைக் காட்டப் போனபோது கால்நடை மருத்துவர் சொன்னார். "நமக்கும் சரி, இதுகளுக்கும் சரி, வைட்டமின் சி ஒடம்புல தானா ஊறாதுங்க மேடம். வெளிய இருந்து குடுத்தே ஆகணும். ஒரு மாசம் பச்சை இல்லாமப் போட்டீங்கன்னா மூட்டு வீங்கிப் போயிருமுங்க." நான் காரில் வந்து உட்கார்ந்தேன். கருப்பட்டியும் நம் வீட்டுப் பிள்ளைதான் என்று அன்றைக்கு அம்மா சொன்னது உண்மைதான். அவை எங்களைப் போலத்தான் இருந்தன. எங்களுக்கு எலுமிச்சம்பழச் சோறும் தக்காளி ரசமும் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் பேத்தியின் பள்ளியில் செடிக் கண்காட்சி. அவள் வளர்த்த கொத்தமல்லித் தொட்டி செழித்துக் கிடந்தது. ரிப்பன் கட்டி, தொடக் கூடாது என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னது நான்தான். சொன்ன வாய்க்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மதியம் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தால், அம்மா பால்கனித் தரையில் உட்கார்ந்திருந்தார். தொட்டி மொட்டையாக நின்றது. கூண்டு நிறையக் கொத்தமல்லி. பேத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" என்று கத்திவிட்டேன். "அதுகளுக்குத்தான் காலையிலயே கேரட்டும் கீரையும் போட்டிருக்குதே! புள்ள நாளைக்கு ஸ்கூலுக்கு என்னத்தக் கொண்டுபோவா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நேற்று நடந்ததை மறந்துவிடும் கண்கள் அன்று தெளிவாக இருந்தன.

"அது கூப்புடுது கண்ணு" என்றார். "பண்டிகை வரைக்கும் தாங்காது."

அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம், ஊர் ஊராக, அவர் காதுபடவே நான் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மன்னிச்சுக்குங்க அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சேலைத் தலைப்பில் ஒளித்து வைத்திருந்த கடைசிக் கொத்தை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, என் கையில் திணித்தார்.

"இந்தா, நீயும் போடு கண்ணு" என்றார் மெதுவாக. "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வாங்கிப் போட்டேன்.